பழைய வான்படத்தில் பனியாறும் கண்மாயும்: இரண்டு படங்களை ஒப்பிடுமுன் அளக்க வேண்டியவை

கைபேசியில் அடிக்கடி சுற்றும் படங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று இமயமலைப் பனியாறு: இடப்பக்கம் 1970-களின் கறுப்பு வெள்ளைப் படம், வலப்பக்கம் இன்றைய செயற்கைக்கோள் படம், நடுவே ஒரு சிவப்புக் கோடு. இன்னொன்று நம்மூர்க் கண்மாய், அதாவது ஏரி: அன்று தண்ணீர், இன்று கட்டடம். இரண்டுக்கும் கீழே நடக்கும் சண்டை ஒரே மாதிரிதான். ஒரு தரப்பு "எல்லாம் போச்சு" என்கிறது. மறு தரப்பு "படத்தை இழுத்து வைத்தால் எதை வேண்டுமானாலும் காட்டலாம்" என்கிறது.

இரண்டாம் தரப்பு சொல்வதில் பாதி உண்மை. பழைய படத்தைச் சும்மா பக்கத்தில் வைத்தால் எதையும் காட்டலாம். அளந்து வைத்தால் அது நடக்காது. பனியாற்று ஆய்வில் அந்த அளவை முறை நன்றாகத் தேறியிருக்கிறது. அது என்ன, அதில் எந்தப் பகுதி மதுரைக் கண்மாய்களுக்கு உதவும், எது உதவாது என்று பார்ப்போம்.

படங்கள் எங்கிருந்து வந்தன

பனியாறுகளின் பழைய படங்களில் பலவற்றை எடுத்தவர்கள் வேறு காரியத்துக்காக எடுத்தவர்கள்: வரைபடத் துறையினர், ராணுவத்தினர், உளவாளிகள்.

கிரீன்லாந்தில் 1932-33-இல் டென்மார்க் பயணக்குழு விமானத்திலிருந்து கடற்கரையைப் படமெடுத்தது. மறந்து கிடந்த அந்தப் படங்களைப் பின்னாளில் எடுத்து, தென்கிழக்கு கிரீன்லாந்தின் 132 பனியாறுகளின் 80 ஆண்டு வரலாற்றை 2012-இல் வெளியிட்டார்கள். வடதுருவத்துக்கு அருகேயுள்ள ஸ்வால்பார்டில் 1936, 1938-இல் நார்வே நாட்டினர் எடுத்த சாய்கோணப் படங்களிலிருந்து ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பனியாறுகளின் பழைய வடிவத்தை மீட்டிருக்கிறார்கள்.

இமயமலைக்கு உதவியவை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள். 'கொரோனா' 1960 முதல் 1972 வரை பறந்தது. எடுத்த ஃபிலிமைக் கூண்டில் அடைத்துக் கீழே தள்ளும். பாராசூட்டில் இறங்கும் கூண்டை விமானம் நடுவானிலேயே கொக்கி போட்டுப் பிடிக்கும். 1995 பிப்ரவரியில் அதிபர் கிளிண்டனின் ஆணையால் 8,60,000-க்கும் மேற்பட்ட படங்கள் பொதுவுக்கு வந்தன. 'ஹெக்ஸகன்' அடுத்த தலைமுறை. அதன் வரைபடக் கேமரா 1973 முதல் 1980 வரை வேலை செய்தது. அந்தப் படங்கள் 2002-இல் திறக்கப்பட்டன.

தெளிவில் இரண்டும் ஒன்றல்ல. கொரோனாவின் கடைசிக் கேமராக்கள் தரையில் 1.8 மீட்டர் வரை பிரித்துக் காட்டும். ஆனால் ஒரு படம் ஏறத்தாழ 14 கி.மீ. அகலமும் 188 கி.மீ. நீளமும் கொண்ட ரிப்பன். மதுரையில் தொடங்கினால் திருச்சியைத் தாண்டிப் போகும் நீளம் அது. ஹெக்ஸகன் வரைபடக் கேமராவின் தெளிவு 6 முதல் 9 மீட்டர்தான். ஆனால் ஒரு படத்தில் 250க்கு 125 கி.மீ. பரப்பு அடங்கும். பனியாற்றுக்கு அது போதும். வீட்டு மனையைப் பார்க்கப் போதாது.

ஒரு படத்துக்குள் எவ்வளவு தரை

விமானப் படத்தின் அளவு விகிதம், அதாவது படத்தில் 1 மி.மீ. தரையில் எவ்வளவு என்பது, எளிய வகுத்தல் கணக்கு: கேமராவின் குவியத் தூரத்தை (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையிலான தூரம்), தரையிலிருந்து விமானம் பறந்த உயரத்தால் வகுக்க வேண்டும். வழக்கமான கேமராவின் குவியத் தூரம் 152 மி.மீ. விமானம் 6,000 மீட்டரில் பறந்தால் படம் ஏறத்தாழ 1:40,000. நெகட்டிவ் 23 செ.மீ. சதுரம், ஒரு படத்தில் 9.2 கி.மீ.க்கு 9.2 கி.மீ. விழும்.

இந்த அளவில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை நினைத்துப் பாருங்கள். பக்கத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர். படத்தில் ஏழரை மில்லிமீட்டர், சட்டைப் பொத்தானைவிடச் சிறிசு. அந்த ஏழரை மில்லிமீட்டரை ஸ்கேனர் 14 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கட்டங்களாக வெட்டினால் ஒரு கட்டம் தரையில் 56 செ.மீ. படிக்கட்டின் விளிம்பும் நடு மண்டபமும் தெரியும். அதே படத்தை அலுவலக ஸ்கேனரில் ஓட்டினால் பிக்சல் எண்ணிக்கை ஏறலாம், நேர்த்தி வராது. ஸ்கேனரின் கண் நகரும் திசையில் 0.1 மி.மீ. இழுபட்டாலும் தரையில் 4 மீட்டர் போய்விடும். பேப்பர் பிரிண்ட் இன்னும் மோசம். ஈரத்துக்கும் வெயிலுக்கும் காகிதம் சுருங்கி விரியும். ஃபிலிம் கிடைக்குமென்றால் பிரிண்டைத் தொடாதீர்கள்.

தட்டைப் படத்திலிருந்து உயரம்

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் ரயிலில் கொடைக்கானல் ரோடு தாண்டி ஜன்னல் வழியே பாருங்கள். பக்கத்துப் பனைமரம் சட்டென்று ஓடிவிடும். சிறுமலை அசையாமல் கூடவே வரும். அருகே இருப்பது அதிகம் இடம்பெயரும், தொலைவில் இருப்பது குறைவாக. இதுதான் இடமாறு தோற்றம். மேலே பறக்கும் கேமராவுக்கு மலையுச்சி அருகில், பள்ளத்தாக்கு தொலைவில். ஆகவே அடுத்தடுத்த இரண்டு படங்களில் உச்சி அதிகம் நகர்ந்திருக்கும். நகர்வை அளந்தால் உயரம் வந்துவிடும்.

இதற்காகவே விமானப் படங்களை அடுத்தடுத்து 60 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று ஏறுமாறு எடுப்பார்கள். கொரோனாவில் முன்னோக்கி ஒன்றும் பின்னோக்கி ஒன்றுமாக 30 பாகைக் கோணத்தில் இரட்டைக் கேமரா. தனியாகக் கிடைக்கும் ஒற்றைப் படத்தில் உயரம் இல்லை. பரப்பு மட்டும்தான் உண்டு.

வேலை நடக்கும் வரிசை

1. நெகட்டிவின் ஓரங்களில் கேமராவே பதித்த குறிகளைக் கண்டுபிடித்து, ஃபிலிம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று கணிப்பது. ஹெக்ஸகனில் படம் முழுக்க 1 செ.மீ. இடைவெளியில் சிறு கூட்டல் குறிகள் பதிந்திருக்கும். சுருக்கம் எங்கே எவ்வளவு என்று அவையே சொல்லிவிடும். கொரோனாவில் அந்த வசதி கிடையாது.

2. தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள். பழைய படத்திலும் இன்றும் அதே இடத்தில் இருக்கும் புள்ளிகளை எடுத்து அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் கொடுப்பது. இமயமலையில் பாறை முகடுகள், ஓடைகள் கூடும் இடங்கள்.

3. கணினி இரண்டு படங்களிலும் ஒத்த பிக்சல்களைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் உயரம் கணித்து, நிலத்தின் உயர மாதிரியை, அதாவது ஒவ்வோர் இடத்தின் உயரத்தையும் எண்ணாகக் கொண்ட வரைபடத்தை, உருவாக்குவது.

4. புதிய மாதிரியிலிருந்து பழையதைக் கழிப்பது. பனியாற்றின் மேல் வரும் எதிர்மறை எண் மெலிந்த உயரம்.

5. பனியாற்றுக்கு வெளியே, மாறாத பாறையின் மேலும் அதே கழித்தலைச் செய்து பார்ப்பது.

கடைசிப் படியில்தான் உயிர் இருக்கிறது. பாறை வளராது, உருகாது. கழித்தால் பூச்சியம் வர வேண்டும். வராவிட்டால் வந்த எண்தான் உங்கள் பிழை. பாறையில் 4 மீட்டர் தவறு காட்டும் வேலை, பனியில் 3 மீட்டர் மெலிவு என்று சொன்னால் அதற்குப் பொருள் இல்லை. ஒப்பீட்டுப் படத்தைப் பகிரும் யாரிடமும் முதலில் கேட்க வேண்டியது, மாறாத இடத்தில் என்ன வந்தது என்பதைத்தான்.

தவறு நுழையும் வழிகள்

1. பக்கவாட்டு நகர்வு. மாதிரி 10 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், 30 பாகைச் சரிவில் 5.8 மீட்டர் பொய்யான உயர வேறுபாடு வரும். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. மலையின் கிழக்குச் சரிவு முழுக்க உயர்ந்ததாகவும் மேற்குச் சரிவு முழுக்கத் தாழ்ந்ததாகவும் காட்டினால் மலை எதுவும் செய்துவிடவில்லை. புதிய மாதிரி கிழக்கே தள்ளி விழுந்திருக்கிறது. சரிவின் திசையோடு பிழை அலைபோல் ஏறி இறங்குவதை வைத்து நகர்வைக் கணிக்கும் முறையை நத், கேப் என்ற பனியாற்று ஆய்வாளர்கள் இருவரும் 2011-இல் வெளியிட்டார்கள். இன்று அதைச் செய்யாமல் பனியாற்றுக் கணக்கு வெளியிடுவது அபூர்வம்.

2. வெளுத்துப்போன பனி. புதுப்பனி படிந்த மேற்பகுதி பழைய ஃபிலிமில் வெறும் வெள்ளை. ஒத்த புள்ளி தேட அங்கே அடையாளம் ஏதுமில்லை; கணினி ஓட்டை விடும், அல்லது கண்டபடி உயரம் போடும். அதைவிட ஆபத்து, ஓட்டையை அக்கம்பக்கத்து எண்களால் நிரப்பிவிட்டு அதைச் சொல்லாமல் இருப்பது. அதிகம் உருகும் கீழ்ப்பகுதியின் எண்ணைக் கொண்டு மேற்பகுதியை நிரப்பினால் இழப்பு மிகையாகும்.

3. பருவம். கோடை முடிந்து, அடுத்த பனி விழுவதற்கு முன் எடுத்த படம்தான் பனியாற்றின் உண்மை எல்லையைக் காட்டும். சற்று முந்தியோ பிந்தியோ எடுத்தால் சுற்றியுள்ள பாறைமேல் கிடக்கும் தற்காலிகப் பனியும் கணக்கில் சேர்ந்து பனியாறு பெரிதாகத் தெரியும்.

4. கற்குவியல் மூடிய முகப்பு. இமயமலையின் பல பனியாறுகளின் கீழ்முனை கல்லும் மண்ணும் போர்த்தியிருக்கும். முனை நகராமல் நிற்கும். உள்ளே பனி பத்து மீட்டர் மெலிந்திருக்கும். முனையை மட்டும் பார்த்துவிட்டு "இந்தப் பனியாறு உருகவில்லை" என்று வரும் செய்திகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன.

5. லென்ஸ் வளைவு. கேமராவின் பழைய அளவைச் சான்று தொலைந்துபோய், லென்ஸ் பற்றிய விவரத்தைக் கணினியே ஊகித்தால் சமதளமும் நடுவில் மேடாக வரும். பாறைச் சோதனை இதையும் பிடித்துவிடும், படத்தின் எல்லா மூலைகளிலும் பாறை இருந்தால்.

காலம் நீளமானால் பிழை சுருங்கும்

பழைய படத்தில் பிழை அதிகம். இருந்தும் அதை ஏன் தேடுகிறார்கள்? கணக்கு எளிது. உயரத்தில் 1 மீட்டர் பிழை என்று வையுங்கள். இரண்டு ஆண்டு இடைவெளியில் அது ஆண்டுக்கு 50 செ.மீ. பிழை, எதையும் சொல்ல முடியாது. 25 ஆண்டு இடைவெளியில் ஆண்டுக்கு 4 செ.மீ. அப்போது இருபது செ.மீ. மெலிவுகூடத் தெளிவாகத் தெரியும்.

இப்படித்தான் 2019-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஷுவா மாரர் குழு, இமயமலையில் 2,000 கி.மீ. நீளத்தில் 650 பனியாறுகளை ஹெக்ஸகன் படங்களோடு ஒப்பிட்டது. 1975 முதல் 2000 வரை இழப்பு ஆண்டுக்கு 0.22 மீட்டர் நீர்மட்டம். 2000 முதல் 2016 வரை 0.43 மீட்டர். ஏறத்தாழ இரட்டிப்பு. நீர்மட்டம் என்பது பனியை உருக்கி அந்தப் பரப்பிலேயே பரப்பினால் நிற்கும் தண்ணீரின் உயரம். பனியின் இழப்பு உயரத்தை 0.85-ஆல் பெருக்கி அதற்கு மாற்றுவது வழக்கம். அந்த 0.85-இலும் 0.06 வரை கூடக் குறைய இருக்கலாம் என்று சேர்த்துச் சொல்வார்கள்.

கங்கை பிறக்கும் கங்கோத்ரிப் பனியாற்றில் நீள அளவு தனியாக உண்டு. கோமுகம் எனப்படும் அதன் முகப்பை 1935-இல் இந்திய நிலவியல் துறையின் ஆடன் நேரில் போய் வரைந்தார். 1965 கொரோனா படத்திலிருந்து 2006 வரை ஒப்பிட்டதில் முகப்பு ஏறத்தாழ 800 மீட்டர் பின்வாங்கியிருந்தது. ஆண்டுக்குச் சுமார் 20 மீட்டர். பனியாறு முழுநீளம் சுமார் 30 கி.மீ. என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். "2035-க்குள் இமயப் பனியாறுகள் மறைந்துவிடும்" என்று ஐ.நா. காலநிலைக் குழுவின் 2007 அறிக்கையில் வந்த வரியை 2010 ஜனவரியில் தவறு என்று அந்தக் குழுவே ஒப்புக்கொண்டது. அந்த வரி எந்த அளவையிலிருந்தும் வந்ததல்ல. பனியாறு உருகுவது பொய் என்று அதைக் காட்டி இன்றும் வாதிடுகிறவர்கள், அளந்து வந்த எண்களைத் தொடுவதே இல்லை.

மதுரைக்கு வந்தால்

வைகையில் பனியாற்று நீர் கிடையாது. நமக்கு வருவது மழையும் பெரியாற்றுத் தண்ணீரும். ஆகவே இங்கே உதவுவது செய்முறைதான். வண்டியூர், மாடக்குளம், செல்லூர் என எந்தக் கண்மாயை எடுத்தாலும் 1960-களின் படத்தை இன்றைய படத்தோடு ஒப்பிடும் வேலை அதே வரிசையில் போகும்.

கட்டுப்பாட்டுப் புள்ளிக்கு மதுரையில் பஞ்சமில்லை. தெப்பக்குளத்தின் நான்கு மூலைகளும் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கேயே இருக்கின்றன. ஏ.வி. பாலத்தின் இரு முனைகள், ரயில் பாதைகள் பிரியும் இடங்கள், பழைய மதகுகள் எல்லாம் நல்ல புள்ளிகள். மீனாட்சியம்மன் கோயில் கோபுர உச்சி கண்ணில் பளிச்சென்று படும். ஆனால் அதை எடுக்கக் கூடாது. உயரமான எதுவும் படத்தின் மையத்திலிருந்து வெளிப்புறம் சாய்ந்து விழும். தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 52 மீட்டர். மேலே சொன்ன 1:40,000 படத்தில் மையத்திலிருந்து 8 செ.மீ. தள்ளி இருந்தால் உச்சி தரையளவில் 28 மீட்டர் இடம்பெயர்ந்திருக்கும். கோபுரத்தின் அடிமூலையை எடுங்கள். யானைமலை, நாகமலை உச்சிகளுக்கும் இதே எச்சரிக்கை.

கண்மாய் வேலையில் எல்லாரும் விழும் குழி, தண்ணீரின் விளிம்பை எல்லையாக எடுப்பது. தண்ணீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம் சரிவு 500-க்கு 1 என்றால், நீர்மட்டம் 20 செ.மீ. இறங்கினாலே விளிம்பு 100 மீட்டர் உள்ளே வந்துவிடும். டிசம்பர்ப் படத்தையும் மே மாதப் படத்தையும் வைத்தால் ஒரு செங்கல்கூட வைக்காமலே கண்மாய் பாதியாகிவிடும். பனியாற்றில் தற்காலிகப் பனி செய்யும் வேலையை இங்கே மழை செய்கிறது. எனவே அளக்க வேண்டியவை கரை, மடை, உபரி நீர் வழியும் கலுங்கு, வரத்துக்கால் வாய் ஆகியவை. கரை பழைய படத்தில் வளைந்த வெளிர்கோடாகத் துல்லியமாகத் தெரியும். கலுங்கின் மட்டம் தெரிந்தால் தண்ணீர் அதிகபட்சம் எதுவரை நிற்கும் என்பதை இன்றைய உயர அளவையிலிருந்து வரைந்துகொள்ளலாம்.

நிறமும் ஏமாற்றும். கறுப்பு வெள்ளைப் படத்தில் தெளிந்த ஆழமான தண்ணீர் கறுப்பு. புதுமழையில் மண் கரைந்து வந்த தண்ணீர் வெளிர்சாம்பல். சூரியன் நேரே எதிரொளித்தால் வெள்ளை. அடர்ந்த கருவேலங்காடும் ஈரக் கரிசலும் கறுப்பாகவே விழும். ஆகையால் கறுப்புத் திட்டையெல்லாம் தண்ணீர் என்று வண்ணம் தீட்டிவிட்டுப் பரப்புச் சொன்னால் நம்பாதீர்கள். மரத்துக்கு நிழலும் சொரசொரப்பும் உண்டு. தண்ணீருக்கு இரண்டும் இல்லை. பெரிதாக்கிப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

படத்தைப் பொருத்த இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ் போதும். அதில் ஒரு வலை இருக்கிறது. ரப்பர் விரிப்பைப் போல இழுத்துப் பொருத்தும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால், கொடுத்த புள்ளிகளில் பிழை பூச்சியம் என்று காட்டும். புள்ளிகளுக்கு நடுவே 20 மீட்டர் தவறிருந்தாலும் அந்தப் பூச்சியம் மாறாது. 20 புள்ளிகள் எடுத்தால் 15-ஐக் கொண்டு பொருத்துங்கள். மீதி 5-ஐ மறைத்து வைத்து அவற்றில் வரும் விலகலை மட்டும் பிழை என்று எழுதுங்கள். பழைய படத்தில் 6 மீட்டர், புதியதில் 3 மீட்டர் என்றால் இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க, மொத்தம் 6.7 மீட்டர்.

இதை ஏக்கரில் சொன்னால்தான் கனம் புரியும். 1 கி.மீ. நீள எல்லையில் 10 மீட்டர் விலகல் என்பது 1 ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர் பொய் ஆக்கிரமிப்பு. அல்லது அதே அளவு உண்மை ஆக்கிரமிப்பு மறைந்துபோகும்.

பழைய நிலவரைபடத்தோடு பொருத்துகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்திய அளவைத் துறையின் பழைய தாள்கள், மதுரை நகருக்கு 58 கே/1, பூமியின் வடிவத்துக்கு அன்று வைத்திருந்த கணித மாதிரியான எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ் வேறு அடிப்படையில் இயங்குகிறது. மாற்றாமல் அப்படியே ஒட்டினால் நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்து உட்காரும்.

பனியாற்று முறை கண்மாய்க்குப் பொருந்தாத இடம் கொள்ளளவு. பனியாறு பத்து, இருபது மீட்டர் மெலியும். சில மீட்டர் பிழையுள்ள உயர மாதிரியும் அதைப் பிடித்துவிடும். கண்மாயில் வண்டல் ஏறுவது அரை மீட்டர், ஒரு மீட்டர் கணக்கு. உளவுச் செயற்கைக்கோள் படத்தின் உயரப் பிழைக்குள்ளேயே அது அமிழ்ந்துவிடும். பழைய படத்தைக் காட்டிக் "கொள்ளளவு இத்தனை சதவீதம் குறைந்தது" என்று யாராவது சொன்னால் தள்ளிவிடலாம். அதற்குப் பொதுப்பணித் துறையின் பழைய கொள்ளளவு அட்டவணையும் இன்று தரையில் நடத்தும் மட்ட அளவையும் வேண்டும்.

சான்றாக வைப்பதென்றால்

வான்படம் நிலத்தின் வகையைத் தீர்மானிக்காது. நீர்நிலைப் புறம்போக்கா பட்டாவா என்பதைச் சொல்வது வருவாய்த் துறையின் நில ஆவணங்களான அ-பதிவேடும் புலப்படமும். படம் சொல்வது, அந்த நாளில் அங்கே கரை இருந்ததா, வரப்பு இருந்ததா, வீடு இருந்ததா என்பது. 1980-களில் யு.டி.ஆர். என்ற அரசுத் திட்டத்தில் நிலப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டதால், அதற்கு முந்தைய படத்துக்குத் தனி மதிப்பு உண்டு. 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின் கீழ் மனுப் போடுகிறவர்கள் சர்வே எண்ணை முதலில் வைத்து, படத்தைத் துணையாக வைப்பதே நல்லது. டிஜிட்டல் கோப்பாகத் தாக்கல் செய்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். படத்தின் எண், எடுத்த தேதி, ஸ்கேன் அளவு, பயன்படுத்திய புள்ளிகளின் பட்டியல், சோதனைப் புள்ளிகளில் வந்த விலகல் ஆகியவற்றையும் ஒரு தாளில் சேர்த்துக்கொடுங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.

கொரோனா, ஹெக்ஸகன் படங்களை அமெரிக்கப் புவியியல் அளவாய்வு நிறுவனத்தின் எர்த் எக்ஸ்புளோரர் தளத்தில் இடம், தேதி கொடுத்துத் தேடலாம். ஏற்கெனவே ஸ்கேன் செய்தவை இலவசம். செய்யாதவற்றுக்குப் படம் ஒன்றுக்கு 30 டாலர். பணம் கட்டுமுன் முன்னோட்டப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உளவு பார்த்தவர்களுக்கு நம் கண்மாயின் மேல் அக்கறை கிடையாது. வேண்டிய இடத்தில் மேகம் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம், அதுவும் கண்மாய் நிறைந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகையில். ரிப்பனின் நடுப்பகுதியில் ஊர் விழுந்திருக்கும் படமாகத் தேர்ந்தெடுங்கள். முனைகளில் தெளிவும் குறையும், வடிவமும் கோணலாகும்.